ஏசி ஹாலில் நைன் எம்.எம்.!

டாலஸுக்கு வடக்கே இருக்கிறது ஃபிரிஸ்கோ. ஐடி வேலை, வீட்டுக்கு இரண்டு கார், கார்ய சித்தி ஹனுமான் கோயிலில் சனிக்கிழமைக் கூட்டம் என்று நம்மவர்கள் நிறைந்துவிட்ட ஊர். அங்கே 2013-ல் திறக்கப்பட்டது ஃபிரிஸ்கோ கன் கிளப். உள்ளே துப்பாக்கிக் கடை உண்டு, சுடுவதற்கு வரிசையாக லேன்கள் உண்டு. கூடவே விஐபி உறுப்பினர்களுக்குத் தனி ஓய்வறை, பசித்தால் உணவகம். அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் கன் கிளப் இதற்கும் மூத்தது, 2004-ல் வந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா பக்கத்தில் குடும்பத்தோடு நின்று, கையில் இயந்திரத் துப்பாக்கியுடன் போட்டோ எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்து, உலகப் பத்திரிகைகளில் அடிபட்ட இடம் அதுதான்.

இப்படிப்பட்ட சொகுசுச் சுடுதளங்கள் இன்று அமெரிக்கப் பெருநகரங்களின் புறநகர்களில் பரவிவிட்டன. பிறந்தநாள், ஆபீஸ் குழுவின் மாலைப்பொழுது, மாப்பிள்ளைத் தோழர்களின் கொண்டாட்டம், முதல் டேட்டிங் என எல்லாவற்றுக்கும் பேக்கேஜ் இருக்கிறது. தோல் சோபா, காபி மெஷின், தொடுதிரையில் விரல் வைத்தால் முன்னும் பின்னும் ஓடும் இலக்கு, புன்னகை மாறாத வரவேற்பு. காசு கொடுத்தவருக்கு மரியாதையில் குறை கிடையாது.

ஆனால், போய்வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு வேடிக்கை தெரியும். பாராட்டெல்லாம் சோபாவுக்கும் ஏசிக்கும் போகிறது. புகாரெல்லாம் ‘விடவில்லை’ என்பதைச் சுற்றியே வருகிறது. தனியாகப் போனேன், துப்பாக்கி தரவில்லை. கையில் கொண்டுபோன தோட்டாவை அனுமதிக்கவில்லை. வேகமாகச் சுட்டேன், நிறுத்தச் சொன்னார்கள். சாண்டல்ஸ் போட்டிருந்தேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொஞ்சம் திரும்பி போஸ் கொடுத்ததற்கு எல்லார் முன்னாலும் கத்தினார்கள். இந்த வழக்கில் நான் கத்தியவர் பக்கம். சோபா எந்த மாலிலும் கிடைக்கும். சிரித்த முகத்துடன் ‘முடியாது’ என்று சொல்லத் தெரிந்த ஆளும், கண்ணுக்குத் தெரியாத காற்றும்தான் இங்கே கொடுக்கும் காசுக்குக் கிடைக்கும் உண்மையான சரக்கு.

நிலவறையிலிருந்து நட்சத்திரத்துக்கு

முன்பு அமெரிக்க உள்ளரங்கச் சுடுதளம் என்றால் தொழிற்பேட்டை ஓரத்தில் ஜன்னல் இல்லாத கட்டடம், இல்லாவிட்டால் ஏதோ ஒரு மாடிக் கட்டடத்தின் நிலவறை. மங்கிய விளக்கு, தேங்கி நிற்கும் புகை, அழுக்குக் கழிப்பறை. போலீஸ்காரர்கள், ஓய்வுபெற்ற ராணுவத்தினர், வேட்டைக்காரர்கள் என்று ஒருவரையொருவர் அறிந்த கூட்டம். புதிதாக ஒரு பெண் உள்ளே நுழைந்தால் அத்தனை தலைகளும் திரும்பும்.

அந்த உலகத்தைப் புரட்டியதில் நீதிமன்றங்களுக்கும் பங்குண்டு. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்குப் பிறகு சிகாகோ நகராட்சி செய்தது ரசமான காரியம். துப்பாக்கி அனுமதி வேண்டுமானால் சுடுதளத்தில் ஒரு மணி நேரமாவது பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்று விதித்தது. அதே கையோடு, நகர எல்லைக்குள் பொதுமக்களுக்கான சுடுதளமே கூடாது என்றும் சொன்னது. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. சுடக் கற்பதும் உரிமையின் ஒரு பகுதிதான் என்றானபின், அதற்கு நாகரிகமான இடம் கட்டிக் காசு பார்க்க முதலீட்டாளர்கள் வராமல் இருப்பார்களா? 2020-ல், கொரோனா பயமும் தெருக் கலவரங்களும் சேர்ந்த அந்த வருஷத்தில், துப்பாக்கி தொடர்பாக எஃப்பிஐ செய்த பின்னணிச் சோதனைகள் 3.9 கோடியைத் தாண்டின. அதில் வாங்கிய பலருக்கு அதுவே முதல் துப்பாக்கி. பெட்டியைப் பிரித்துவிட்டு எந்தப் பக்கம் பிடிப்பது என்று விழித்தவர்கள் எல்லாம் சுடுதளத்தின் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். துப்பாக்கித் தொழில்துறையின் வணிகச் சங்கமான என்எஸ்எஸ்எஃப், ஹோட்டல்களைப் போலவே சுடுதளங்களுக்கும் ஐந்து நட்சத்திரம் வரை தரம் கொடுக்கிறது.

முதல் குண்டு

புதிதாகப் போகிறவர் முதலில் சந்திப்பது துப்பாக்கியை அல்ல, காகிதத்தை. என்ன ஆனாலும் வழக்குப் போடமாட்டேன் என்று கையெழுத்து. அடையாள அட்டை. பிறகு ஒரு வீடியோ. அமெரிக்க மரைன் படையின் முன்னாள் அதிகாரியான ஜெஃப் கூப்பர் 1976-ல் அரிசோனாவில் ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அவர் பரப்பிய நான்கு விதிகள்தான் ஏறக்குறைய எல்லா வீடியோக்களிலும் வரும். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா ஏற்றியதாகவே நினைத்துக்கொள். அழிக்க மனமில்லாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கு எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்று தெரிந்துகொள். நாலும் சேர்ந்து ஒரு நிமிஷத்தில் சொல்லி முடிக்கக்கூடியவை. சுடுதளத்தில் நடக்கும் அதட்டல்களில் முக்கால்வாசி இரண்டாவது விதிக்காகத்தான்.

அதன் பிறகு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்க வேண்டும். கிளாக், சிக் சாவர், ஸ்மித் அண்ட் வெஸன் என்று வரிசை. விவரம் தெரிந்த ஊழியர் முதல்முறை வந்தவருக்குப் பாயின்ட் டூ டூ பிஸ்டலைத்தான் நீட்டுவார். உதை குறைவு, சத்தமும் குறைவு. சினிமா பார்த்துவிட்டு வந்தவர் அதை ஒதுக்கிவிட்டு நைன் எம்.எம். கேட்பார், சிலர் ஒரேயடியாகப் பாயின்ட் ஃபைவ் ஜீரோவுக்கே போவார்கள். எடுத்த எடுப்பில் பெரிய துப்பாக்கி வேண்டாம் என்று எடுத்துச் சொல்பவர் இருந்தால் அந்த இடத்தை நம்பலாம்.

கூடத்துக்குள் போக இரண்டு கதவுகள். ஒன்று மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். இடையில் இருக்கும் சின்ன அறையில் நிற்கும்போதே நெஞ்சில் தட்டுவதுபோல் ஓர் அதிர்வு வரும். காது மூடியிருந்தாலும் உடம்பு கேட்கும் சத்தம் அது. துப்பாக்கி வெடியின் உச்சம் 140 முதல் 170 டெசிபல் வரை போகும். 140-க்கு மேல் ஒரே ஒரு முறை கேட்டாலே செவிநரம்பு சேதமடையலாம். கூரையும் சுவரும் இருக்கும் இடத்தில் எதிரொலி வேறு சேர்கிறது. அதனால்தான் நல்ல இடங்களில் காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் மூடியும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். சொகுசுத் தளங்கள் எலெக்ட்ரானிக் மூடி தரும். பேச்சு கேட்கும், வெடி மட்டும் அடங்கும். சுடுதளத்தில் பயத்தைக் குறைப்பதில் இந்த ஒரு கருவி செய்யும் வேலையைச் சோபாவும் காபியும் சேர்ந்து செய்யாது.

முதல் குண்டு எங்கே போகும்? பெரும்பாலும் கீழே. வலது கைக்காரராக இருந்தால் கீழே, கொஞ்சம் இடது பக்கமாக. உதைக்கப் போகிறது என்று கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வெடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் அது தானாகக் குழலை அமுக்குகிறது. கண்ணும் மூடிக்கொள்ளும். இதற்கு வைத்தியம் எளிது. மேகசினில் அங்கங்கே போலித் தோட்டாக்களைக் கலந்து கொடுப்பார் பயிற்சியாளர். விசையை இழுப்பீர்கள், வெடிக்காது, ஆனால் கை மட்டும் குதித்து இறங்கும். தன் கை தன்னை ஏமாற்றுவதை அப்படியே கண்ணால் பார்க்கலாம். வெட்கத்தோடு சிரிக்காதவர் குறைவு. அதற்குப் பிறகுதான் சுடுவது மூச்சும் விரலும் சம்பந்தப்பட்ட வேலை என்று புரிய ஆரம்பிக்கும்.

காலித் தோட்டாக் கூடுகள் சூடாகத் தெறிக்கும். கழுத்து இறங்கிய சட்டை வேண்டாம் என்பதும், கால் மூடிய ஷூ வேண்டும் என்பதும் இதற்காகத்தான். சட்டைக்குள் ஒரு கூடு விழுந்தவர் கையில் துப்பாக்கி இருப்பதை மறந்து துள்ளுவார். குழல் எந்தப் பக்கமும் திரும்பும். சாண்டல்ஸுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர் காலில் சுடும் என்று நினைத்து அலுத்துக்கொள்கிறார். அவருடைய பாதத்தைவிடப் பக்கத்து லேனில் நிற்பவரின் உயிரைப் பற்றிய கவலை அது.

டாலஸில் நெடுநாளாக இருக்கும் மதுரைக்கார நண்பர் ஒருவர், இலக்கில் விழுந்த ஓட்டையைப் பின்னால் நின்ற மனைவிக்குக் காட்டுவதற்காகப் பிஸ்டலோடு திரும்பியிருக்கிறார். சுடுதளத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசர் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்து முன்பக்கம் திருப்பிவிட்டார். “அண்ணே, எங்க வாத்தியார்கூட என்னை அப்படி அதட்டினதில்ல. அவ முன்னாடி மானமே போச்சு” என்றார். மறுபடி போனீர்களா என்று கேட்டேன். “வேற எங்கண்ணே போறது? அங்கதான் தைரியமா இருக்கு.”

ஏன் தனியாளுக்குத் தருவதில்லை?

புகார்களில் மிகவும் கசப்பானது இதுதான். விடுமுறை நாளில் ஒருவர் தனியாகப் போகிறார். வாடகைக்குத் துப்பாக்கி கேட்கிறார். நண்பர் யாரையாவது அழைத்து வாருங்கள், அல்லது உங்கள் சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். பல தளங்களில் உள்ள நடைமுறை இது. வந்தவருக்குக் கோபம். என்னைப் பார்த்தால் திருடன்போல இருக்கிறதா?

காரணத்தைப் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. அமெரிக்கச் சட்டப்படி கடையில் துப்பாக்கி வாங்கினால் பின்னணிச் சோதனை உண்டு. அதே கட்டடத்துக்குள் சுடுவதற்கு வாடகைக்கு எடுத்தால் அந்தச் சோதனை தேவையில்லை. சாகத் தீர்மானித்த ஒருவருக்கு அது திறந்த கதவு. அப்படிப்பட்ட சாவுகள் நடந்த தளங்கள் உண்டு. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். நாம் இங்கே செய்தியில் பார்ப்பது பள்ளிக்கூடத் துப்பாக்கிச்சூடுகளை மட்டும்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் சத்தமில்லாமல் தம்மையே சுட்டுக்கொள்கிறார்கள்.

2009-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்திலேயே தற்கொலை செய்துகொண்டார்கள். அதிர்ந்துபோன கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடவில்லை. பொதுச் சுகாதாரத் துறையினரோடு உட்கார்ந்து பேசினார். முகம் வாடியிருப்பவரை எப்படி அடையாளம் காண்பது, எப்படி மறுப்பது என்று கடைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு திட்டம் அதிலிருந்து பிறந்து மற்ற மாநிலங்களுக்கும் போனது. 2016-ல் என்எஸ்எஸ்எஃப் சங்கமே அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு அறக்கட்டளையோடு கைகோத்தது. துப்பாக்கி விற்பவர்களின் சங்கம் இதைச் செய்தது சின்ன விஷயம் இல்லை. துணையோடு வா என்கிற விதியால் எல்லாம் நின்றுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வேகம் அடங்க ஒரு மணி நேரம் கிடைத்தால்கூடப் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

சொந்தத் தோட்டா கூடாது என்பதில் இந்த அளவுக்கு நியாயம் இல்லை. எஃகு முனைத் தோட்டாக்கள் பின்சுவரில் இருக்கும் தடுப்பைக் குத்திக் கெடுக்கும், வீட்டில் அடைத்த தோட்டாக்கள் துப்பாக்கியையே வெடிக்கவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தியேட்டர் பாப்கார்ன் விலைக்குச் சொல்லும் சமாதானத்தில் இருக்கும் உண்மை எவ்வளவோ, இதிலும் அவ்வளவுதான். லேனுக்கு மணிக்கு இருபது முப்பது டாலர் என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டுப் போகிறவர், துப்பாக்கி வாடகை, தோட்டா, இலக்குத் தாள், கண்ணாடி, காதுமூடி எல்லாம் சேர்ந்து வரும் பில்லைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொள்வது வாடிக்கை.

காசு போகும் இடம்

உண்மையில் ஒரு சொகுசுத் தளத்தின் பெருஞ்செலவு காற்று. இதை வாடிக்கையாளர் பார்ப்பதே இல்லை.

ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும், ஊசி அடித்ததும் பொறி பறக்கச் செய்யும் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. வழக்கமான தோட்டாக்களில் அதற்குள் இருப்பது ஈயச் சேர்மம். குண்டின் நடுவிலும் ஈயம். சுடும்போது கொஞ்சம் ஆவியாகி, கொஞ்சம் தூளாகி முகத்துக்கு முன்னாலேயே மிதக்கிறது. மணம் கிடையாது. நாம் முகர்ந்து ‘ஆஹா, வெடிமருந்து வாசனை’ என்று சிலிர்ப்பது வேறு. அதோடு சேர்ந்து உள்ளே போவது வேறு. இதைத் தடுக்க, சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து இலக்கை நோக்கி ஒரே சீராகக் காற்று நகர வேண்டும். அமெரிக்கத் தொழில்நலன் ஆய்வு நிறுவனமான நயோஷ் சொல்லும் அளவு நிமிடத்துக்கு 75 அடி. வேகம் குறைந்தால் தூசி தங்கிவிடும்; சுழல் விழுந்தால் திரும்பி மூக்குக்கே வரும். அவ்வளவு பெரிய கூடத்தின் காற்று முழுவதையும் குளிரவைத்து, இழுத்து, ஹெப்பா வடிகட்டிகள் வழியாகச் செலுத்த வேண்டும். டெக்சஸ் கோடையில் அதற்கு ஆகும் மின்கட்டணத்தை யோசித்துப் பாருங்கள்.

இதில் மிச்சம் பிடித்த இடங்களின் கதை 2014-ல் வெளிவந்தது. சியாட்டில் டைம்ஸ் நாளிதழ் சுடுதளங்களில் ஈய நச்சைப் பற்றி ஒரு நீண்ட புலனாய்வுத் தொடரை வெளியிட்டது. நோய்ப்பட்டவர்களில் பெரும்பாலோர் எப்போதாவது வரும் வாடிக்கையாளர்கள் அல்ல. அங்கேயே நாள் முழுக்க நிற்கும் ஊழியர்கள், தரையைப் பெருக்குபவர்கள், தடுப்புகளைத் துப்புரவு செய்பவர்கள். தொழிலாளி சுவாசிக்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் கூடாது என்பது 1970-களின் கடைசியிலிருந்து அங்கே இருக்கும் விதி. உங்களிடம் ‘ஷூ எங்கே’ என்று சிடுசிடுக்கும் ஆபீசர் அந்தக் காற்றில் வாரம் ஐந்து நாள் நிற்கிறார். தளம் நல்லதா கெட்டதா என்பது அவருடைய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

விசாவும் வேட்டை லைசென்ஸும்

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு மறுப்பு இருக்கிறது. சில தளங்களில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ‘வேட்டை லைசென்ஸ் இருக்கிறதா’ என்று கேட்பார்கள். கேலி என்று நினைக்க வேண்டாம். எச்-1பி ஆகட்டும், சுற்றுலா விசா ஆகட்டும், குடியேற்றமல்லாத விசாவில் நுழைந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் சுடுவதும் அதில் அடக்கம். விதிவிலக்குகளில் எளிதானது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். மான் எப்படி இருக்கும் என்று விலங்குக் காட்சிசாலையில் மட்டுமே பார்த்திருக்கும் கோயம்புத்தூர்ப் பொறியாளர், விளையாட்டுப் பொருள் கடையில் வேட்டை லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சுடப் போவது இப்படித்தான். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. விசா இல்லாமலே நுழையும் சலுகை பெற்ற நாடுகளின் பயணிகளுக்கும் இல்லை. ஆகவே ஜெர்மன்காரர் சுடலாம், மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அப்பாவுக்கு உரிமம் வேண்டும். எல்லாத் தளங்களும் கேட்பதில்லை. கேட்காத இடம் தாராளமான இடம் என்று சந்தோஷப்படுகிறவர், மாட்டினால் சிறையும் நாடுகடத்தலும் தனக்குத்தான் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்காததன் விலை 2014 ஆகஸ்டில் தெரிந்தது. லாஸ் வேகஸ் சுற்றுலாப் பயணிகளை நம்பி அரிசோனாவில் நடந்துவந்த திறந்தவெளித் தளம் ஒன்றில், ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் உஸி (Uzi) ரகத் தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். முதலில் ஒவ்வொரு குண்டாக. பிறகு தொடர்ந்து சுடும் நிலைக்கு மாற்றினார் பயிற்சியாளர். உதையைத் தாங்காமல் குழல் மேலே ஏறித் திரும்பியது. பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். பெற்றோர் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுப்பதுதான் நல்ல சேவை என்ற ஹோட்டல் இலக்கணம் இந்தத் தொழிலில் செல்லாது.

சென்னையில் இந்தக் கதைக்கே இடமில்லை. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கும் நாட்டில், தெருவில் போகிறவர் உள்ளே நுழைந்து கிளாக் வாடகைக்கு எடுக்க முடியாது. இங்கே ரைஃபிள் கிளப் என்றால் விளையாட்டு. நடிகர் அஜித்குமார் 2021-ல் மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வென்றபோது சென்னை ரைஃபிள் கிளப்பின் பெயர் வீடுதோறும் தெரிந்தது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் வெடி கிடையாது, உதை கிடையாது. மணிக்கணக்கில் அசையாமல் நிற்பதுதான் பயிற்சி. அமெரிக்கச் சொகுசுத் தளத்தில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் சிலிர்ப்பை எதிர்பார்த்து அங்கே போகிறவருக்குக் கொட்டாவிதான் வரும். எனக்கென்னவோ அந்தக் கொட்டாவியில் தப்பொன்றும் தெரியவில்லை.

ஆனாலும் அமெரிக்காவில் இருக்கிறவர் போகத்தான் போகிறார். நண்பர்கள் அழைப்பார்கள், கம்பெனி செலவில் டிக்கெட் வரும். போகட்டும். காற்று வடிகட்டியை எப்போது மாற்றினார்கள் என்று கவுன்ட்டரில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் சோபா எவ்வளவு நன்றாக இருந்தாலும் சந்தேகப்படலாம். கர்ப்பிணிகள் வெளியிலேயே இருக்கட்டும். உணவகம் இருந்தால், சுட்டு முடித்து, சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கையையும் முகத்தையும் நன்றாகக் கழுவிய பிறகுதான் சாப்பாடு. மது பரிமாறும் இடத்தில் ஒரு மிடறு உள்ளே போய்விட்டால் அன்றைக்கு லேனுக்குள் திரும்ப முடியாது. அதற்குச் சண்டை போட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஷூவை வாசலிலேயே விட்டுவிடுங்கள், அது நமக்குப் பழக்கம்தான். சட்டையைக் கழற்றித் தனியாகத் துவைக்கப் போட்டுவிட்டுத் தலைக்குக் குளியுங்கள். ஓடிவரும் குழந்தையைத் தூக்குவது அதற்குப் பிறகு.